தொட்டி பூட்டித்தானே இருக்கு, அக்கா!

வேலை விஷயமாக மூன்று நாள் வெளியூர் போய்விட்டு லண்டன் வீட்டுக்குத் திரும்பினால், முன்னறையில் என் கினிப்பன்றிகளின் கூண்டைக் காணோம். தேடினால் தம்பியின் அறையில், அவனுடைய ராயல் பைத்தான் பாம்பின் கண்ணாடித் தொட்டிக்கு ஓரடி தள்ளி இருக்கிறது. "நண்பர்கள் வந்தாங்க, இடம் வேண்டியிருந்தது. தொட்டி பூட்டித்தானே இருக்கு அக்கா, என்ன ஆகப்போகுது?" என்கிறான்.

பூட்டு பாம்பைத்தான் அடைக்கும். வாசனையை அடைக்குமா? தொட்டியில் காற்றுத் துளை இருக்கிறதே! பாம்பு ஓயாமல் நாக்கை நீட்டுவதே காற்றிலுள்ள மணத்தை மேல்வாயில் இருக்கும் உறுப்புக்குக் கொண்டுபோகத்தான். மூன்று நாளும் இரையின் மணம் வந்துகொண்டே இருக்க, அது கண்ணாடியில் முட்டி முட்டி மூக்கைப் புண்ணாக்கி வைத்திருக்கிறது. அதன் மேல் எனக்குக் கோபமே இல்லை. பாவம், அது என்ன செய்யும்?

என் பிள்ளைகளின் கதி இன்னும் மோசம். ஃபிரிட்ஜ் கதவு திறந்தாலே வீல் வீல் என்று கத்தி வீட்டையே கூட்டுகிறவை, பதுங்கிய பெட்டியை விட்டு அசையவில்லை. போட்ட உலர்புல் பெரும்பாலும் அப்படியே கிடக்கிறது. கினிப்பன்றி நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருக்க வேண்டிய பிராணி. ஒரு நாள் ஒழுங்காகத் தின்னாவிட்டாலே குடல் இயக்கம் நின்று உயிருக்கே ஆபத்தாகிவிடும். போதாததற்கு அந்த அறையின் சூடு வேறு! பாம்புத் தொட்டியின் சூடான மூலைக்கு 31, 32 டிகிரி வேண்டும் என்று அவன் அறையையே அடுப்பாக்கி வைத்திருக்கிறான். கினிப்பன்றிக்கு 26 டிகிரியைத் தாண்டினாலே வெப்பத் தாக்கு வரலாம்.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடும்போதும் வாதம் ஓயவில்லை. பாம்பின் மேல் எலி மாதிரியான ஹாம்ஸ்டர் ஒன்று உட்கார்ந்திருக்கும் வீடியோவைக் காட்டி "பாரு, எவ்வளவு ஃப்ரெண்ட்லியா இருக்கு" என்கிறான். அடேய், அது நட்பு இல்லை, பயத்தில் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறது! இப்படி எடுத்துப் போடுகிறவர்களை நினைத்தாலே வயிறு எரிகிறது.

இங்கிலாந்தின் 2006 விலங்கு நலச் சட்டத்திலேயே இருக்கிறது: ஒரு பிராணியை மற்றவற்றோடு வைக்க வேண்டுமா, தள்ளி வைக்க வேண்டுமா என்பதையும் வளர்ப்பவர் பார்த்துச் செய்ய வேண்டும். ஒரே வீட்டில் இரண்டையும் வளர்க்க முடியாது என்று நான் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு வருடமாக வளர்க்கிறோம். தனி அறை, மூடிய கதவு, ஒன்றைத் தொட்டுவிட்டு மற்றதைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுதல், அவ்வளவுதான். கழுவாமல் கையை விட்டால் இரை என்று நினைத்துப் பாம்பு கவ்வும். போன மாதம் அப்படித்தான் கவ்வியது. அப்போதும் அவன் பாம்பைத்தான் திட்டினான்.

கூண்டு முன்னறைக்கு வந்துவிட்டது. கினிப்பன்றிகளில் ஒன்றான கறுப்பிக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிரிஞ்சில் கரைத்த உணவு ஊட்ட வேண்டும். இன்று இரவு முழுக்க அலாரம் வைத்து எழுந்து ஊட்டப்போவது தம்பிதான், சொல்லிவிட்டேன்.