உதவித்தொகையும் இரண்டு மாதமும்: கோடைகால மூளை ஆய்வுப் பயிற்சி குறித்து

கோடை விடுமுறை நெருங்கும்போது, இளநிலை மாணவர்களுக்கான நரம்பறிவியல் பயிற்சி பற்றிய விளம்பரங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வரத் தொடங்குகின்றன. பத்து நாள், பதினைந்து நாள், கட்டணம் இவ்வளவு, முடிவில் சான்றிதழ் உண்டு என்பதே அவற்றில் பலவற்றின் சாரம். சென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மாணவரிடம் பணம் வாங்கிக்கொண்டு நடத்துவது ஆய்வுப் பயிற்சி ஆகாது. உதவித்தொகை கொடுத்து, குறைந்தது இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் இடமளித்து, சிறியதானாலும் ஒரு கேள்வியை முழுமையாக அவர் பொறுப்பில் விட வேண்டும்.

எதற்கு இரண்டு மாதம் என்று கேட்கும் பெற்றோருக்கு நான் ஈ.ஈ.ஜி. எனப்படும் மூளை மின்னலைப் பதிவை எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. மனிதரிடம் இந்தப் பதிவை 1924-இல் முதன்முதலாக எடுத்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். கண்களை மூடி அமைதியாக இருப்பவரின் பின்தலையில் விநாடிக்கு ஏறத்தாழ 8 முதல் 13 முறை எழுந்து தாழும் ஆல்பா அலை தெரியும். கண்ணைத் திறந்ததும் அது வெகுவாகக் குறைந்துவிடும். இதை ஒரு மாணவர் முதல் வாரத்திலேயே தன் கண்ணால் பார்த்துவிட முடியும். குறுகிய காலப் பயிற்சிகள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. ஆனால் கற்க வேண்டியதெல்லாம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. தலைக்கு எண்ணெய் வைத்து வந்தவரிடம் மின்முனை சரியாகப் பொருந்தாது என்பதும், கண்ணை இமைத்தாலும் பல்லைக் கடித்தாலும் மூளையின் அலையைவிடப் பெரிய அலைகள் பதிவில் ஏறிவிடும் என்பதும், சுவரில் ஓடும் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் உள்ளே புகும் என்பதும், இவை அனைத்தையும் நீக்கிய பிறகு எஞ்சுவது நாம் தேடியதுதானா அல்லது தற்செயலா என்று புள்ளியியலைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்பதும் செய்து செய்துதான் பிடிபடும். பதிவு கெட்டுப்போகும் நாட்களுக்கும் இடம் கொடுக்கும் அளவுக்குக் காலம் வேண்டும். அதே சமயம், ஒற்றை நரம்பணுவின் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் போன்ற முறைகளில் ஒரே கோடையில் தேர்ச்சி தருவதாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்; அதில் கை பழகவே பல மாதங்கள் ஆகும்.

இத்தகைய பயிற்சிக்குச் சென்னையில் எந்தக் குறையும் இல்லை. டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-இல் அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கிய ஊர் இது. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு மனச்சிதைவு நோய் குறித்து இங்கேதான் ஆய்வு செய்துவருகிறது. துண்டிக்கப்பட்ட கை இன்னும் வலிப்பதாக உணர்பவர்களுக்கு ஒரு சாதாரணக் கண்ணாடியைக் கொண்டு தீர்வு தேடிய நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கிண்டியை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்திலுள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் வளரும் மனித மூளையின் 5,132 வெட்டுத் துண்டுகளைப் படமாக்கி, ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் அனைவருக்கும் இலவசமாக வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், ஒரு பழ ஈயின் மூளையிலுள்ள 1,39,255 நரம்பணுக்களின் முழு இணைப்பு வரைபடமும் வெளிவந்து பொதுவில் கிடைக்கிறது. கணினியும் இணையமும் வழிகாட்ட ஒருவரும் இருந்தால், விலை உயர்ந்த கருவி எதுவுமின்றி இத்தரவுகளிலிருந்தே ஒரு மாணவர் நேர்மையான ஆய்வு செய்ய முடியும்.

குறை இருப்பது பணத்திலும் நாட்காட்டியிலும். பல கல்லூரிகளில் தேர்வுகள் மே மாதம் வரை நீள்கின்றன. ஜூனிலேயே வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன. நடுவில் கிடைக்கும் சில வாரங்களிலும், முதல் தலைமுறைப் பட்டதாரியாகப் போகும் மாணவர் தியாகராய நகர் துணிக்கடையிலோ கேட்டரிங் வேலையிலோ அடுத்த பருவக் கட்டணத்துக்காகச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. அவரிடம் போய்ப் பயிற்சிக் கட்டணம் கேட்பது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன். திருவண்ணாமலையிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வர நினைக்கும் மாணவிக்குப் பாதுகாப்பான விடுதி உறுதியாகாமல் வீட்டில் அனுமதி கிடைக்காது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

நல்ல முன்மாதிரிகள் நம் நாட்டிலேயே உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் மருத்துவ மாணவர்களுக்குக் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை வழங்குகிறது. மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டம், இரண்டு மாத உதவித்தொகையோடு ஒரு வழிகாட்டியையும் தருகிறது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கோடைத் திட்டங்களில் பொதுவாகப் பத்து வாரங்களுக்கு உதவித்தொகை உண்டு, ஆனால் அந்த நிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. இவற்றில் எதிலும் மாணவர் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்குவதில்லை.

ஆகவே சென்னையிலுள்ள ஆய்வு நிறுவனங்களிடம் என் வேண்டுகோள் இது: ஒவ்வொரு நரம்பறிவியல் ஆய்வகமும் ஆண்டுக்கு இரண்டு இடங்களையாவது பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கென ஒதுக்க வேண்டும். 2022-இல் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கிய தமிழக அரசு, அதன் ஒரு பகுதியாக ஆய்வு உதவித்தொகையையும் சேர்க்கலாம். கல்லூரிகள் இந்த இரண்டு மாதத்துக்கு பட்டப்படிப்புக்கான மதிப்பீட்டு அலகுகள் (கிரெடிட்) கொடுத்து, ஜூன் மாத வருகைப்பதிவில் விலக்கும் அளிக்கலாம். தேர்வு செய்யும்போது மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்க்காமல், மூளையைப் பற்றித் தமக்கு எழுந்த ஒரு கேள்வியையும் அதை எப்படிச் சோதிக்கலாம் என்பதையும் ஒரு பக்கம், தமிழிலோ ஆங்கிலத்திலோ, எழுதித் தரச் சொல்லலாம். அந்தப் பக்கங்களை வாசித்துத் தரம் பிரிக்கும் பணியை என்னைப் போன்ற கல்லூரி ஆசிரியர்கள் ஊதியம் எதுவுமின்றிச் செய்து தருவோம்.