பகலில் தூங்கினால் சோம்பேறியா?

இரவுப் பணி முடித்துக் காலையில் வந்து படுத்தவருக்கு மதியம் 12 மணிக்குப் போன் போட்டு, "இன்னுமா தூக்கம்?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அதே ஆள் நள்ளிரவு 2 மணிக்கு அவர்களை எழுப்பிக் கேட்டால் சும்மா விடுவார்களா? இத்தனைக்கும் பகல் தூக்கம் லேசில் வராது. தூக்கத்தை வரவழைக்க உதவும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பை வெளிச்சம் குறைத்துவிடும். திரையை இழுத்துவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்தாலும் உடம்பு பாதியில் விழித்துக்கொள்ளும். இரவுப் பணி அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று 2007-இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்திவிட்டது. ஆஸ்பத்திரி வார்டிலும் மின் நிலையத்திலும் விடிய விடிய யாரோ கண்விழிப்பதால்தான் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அப்புறம் அவர்களுக்கே, "எல்லாரையும் போல ஒழுங்கா இரு" என்று அறிவுரை வேறு! தயவுசெய்து போனை வையுங்கள், சாயங்காலம் பேசலாம்.