சுவரோடு 38 வினாடி

இன்று விடிய ஐந்தே முக்காலுக்குப் போன் அலறியது. அந்த நேரத்தில் போன் வந்தால் ஆருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நெஞ்சு பதறும். எழும்பிப் பார்த்தால் சுவிஸ் அத்தான் வீடியோ அனுப்பியிருக்கிறார். அங்கே இரவு ஒன்றேகால். வேலை முடித்து வந்த மனிதருக்கு நித்திரை வரவில்லை, ஆகவே எனக்கும் வரக்கூடாது.

வீடியோவில் அக்காவின் கடைக்குட்டி. ஏழு வயது. பிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து, தொடையை நேராக வைத்துக்கொண்டு, இல்லாத கதிரையில் இருக்கிறாள். ஒரு கையில் வாழைப்பழம். மூன்று நிமிடம் அப்படியே இருந்து பழத்தையும் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தோலை எங்களுக்குக் காட்டுகிறாள். கடைசியில் அத்தானின் குரல்: "நீர் இப்ப எத்தினை நிமிசம் நிக்கிறீர்?"

38 வினாடி, அத்தான். நிமிசம் இல்லை, வினாடி. போதுமா?

உங்கள் எல்லோருக்கும் இப்படி ஓர் அத்தானோ மச்சானோ இருப்பார், விளக்கத் தேவையில்லை. "பங்குனியில வாறீர்தானே, ஒருநாள் ஸ்கீக்கும் போவம்" என்று கொத்து ரொட்டி சாப்பிடக் கூப்பிடுவதுபோல்தான் சொன்னார். ஸ்கீ என்றால் ரெண்டு காலிலும் நீளப் பலகை பூட்டிக்கொண்டு பனிமலைச் சரிவில் சறுக்குவது. நானும் சரி என்றேன். அந்தச் 'சரி'யை வாயிலிருந்து திரும்பப் பிடுங்கி எடுக்க வழியிருந்தால் எடுத்திருப்பேன். அடுத்த நாளே அட்டவணை வந்தது. எட்டுக் கிழமைக்கு முன்பே தொடங்க வேண்டுமாம். குந்தி எழும்பு, முழங்கால் மடக்கி முன்னால் அடி வை, ஒற்றைக் காலில் நின்று பல் தீட்டு. ஒற்றைக் காலில் நான் பல் தீட்டுவது கிணற்றடியில். பாசி பிடித்த சீமெந்து. ஸ்கீக்குப் போக முன்பே ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் அந்தப் பயிற்சி.

கேட்டால் விஞ்ஞானம் சொல்லுவார். சறுக்கிக்கொண்டு இறங்கும்போது முழங்கால் மடிந்தபடியே இருக்க வேண்டுமாம், முழுப் பாரத்தையும் தொடைதான் தாங்குமாம், ஏறுவதைவிட இறங்குவதுதான் தசையை வாட்டுமாம். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் எதில் ஏறி எதில் இறங்க? யாழ்ப்பாணம் முழுக்கத் தட்டையான சுண்ணாம்புக்கல். பெயரிலாவது மலை வைத்திருக்கிற கீரிமலையிலும் கேணிக்குள் இறங்கத்தான் படி இருக்கிறது. இலங்கையின் ஆக உயரமான பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். அத்தான் படம் அனுப்பிக் காட்டுகிற சுவிஸ் மலை டிட்லிஸ் 3,238 மீற்றர். "பயப்பிடாதேயும், பழகிறவைக்கு அடிவாரத்தில மெல்லிய சரிவுதான், பட்டி மாதிரி ஒண்டு ஓடும், அதில ஏறி நிண்டால் அதுவே மேல கொண்டுபோகும்" என்கிறார். அப்படியென்றால் நான் ஏன், அத்தான், கிணற்றடியில் கொக்கு மாதிரி நிற்கிறேன்?

உடம்பை விடுங்கள். மனதையும் தயார்படுத்த வேண்டுமாம். கண்ணை மூடி, வெள்ளைச் சரிவில் நான் இறங்குவதாக நினைத்துப் பார்க்க வேண்டுமாம். மூடினேன். கரண்ட் இல்லை, காற்றாடி நின்றுவிட்டது, காதில் நுளம்பு. எவ்வளவு முயன்றும் எனக்குத் தெரிந்தது பிரிட்ஜின் மேல்தட்டில் உறைந்து கிடக்கும் அந்தக் கட்டிதான், அதற்குள் போன வருசத்து மீன் பை ஒன்று. எங்களுக்குத் தெரிந்த பனி தையில் தரையைத் துளைத்து மாசியில் மச்சைத் துளைக்கிற பனி. தலையில் துவாயைப் போட்டுக்கொண்டால் அது முடிந்தது. அதைவிடக் கொடுமை, சரிவைக் கண்டால் உயிருள்ள எதுவும் பின்னால்தான் சாயும், இங்கே முன்னால் சாய வேண்டுமாம். கணுக்காலை மடித்து, கணைக்கால் எலும்பால் சப்பாத்தின் முன்பக்கத்தை அமத்த வேண்டுமாம். பயந்து பின்னால் சாய்ந்தால் ஸ்கீ நம் சொல்லைக் கேட்காதாம். வீட்டிலேயே ஒருவரும் என் சொல்லைக் கேட்பதில்லை, இதில் ஸ்கீ வேறு.

பிறகு நிறை. இதை என்னால் மன்னிக்கவே முடியாது. சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டுகிற பூட்டு விழும்போது தானாகக் கழன்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் முழங்கால் முறுகிவிடும். எந்த அளவு இழுவையில் கழல வேண்டும் என்பதை நிறை, உயரம், வயது, சப்பாத்தின் நீளம் எல்லாம் பார்த்துத்தான் வைப்பார்களாம். நல்ல விசயம். ஆனால் அதை எனக்குத் தனியாகக் கேட்டிருக்கலாமே? 31 பேர் இருக்கிற குடும்ப வாட்சப் குழுவில் "உம்முடைய நிறை எவ்வளவு? உண்மையைச் சொல்லும், பொய் சொன்னால் கால்தான் முறியும்" என்று போட்டார். நான் பதில் போட முன்பே லண்டன் சித்தப்பா ஒரு எண்ணைப் போட்டார். கனடா மாமி அதைக் கூட்டினார். ஏலத்தில் மாடு விற்பதுபோல் இருந்தது.

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பின்னேரம் நாலரை. விறாந்தையில் போனில் ரைமரைத் தட்டிவிட்டுச் சுவரில் முதுகை வைத்து இறங்கினேன். 10 வினாடி, பரவாயில்லை. 20, தொடையில் யாரோ மிளகாய்த்தூள் தடவியதுபோல். 25, படலை திறக்கிற சத்தம். பக்கத்து வீட்டு ஆச்சி, கையில் சுளகு, சுளகு நிறையப் பனங்கிழங்கு. எழும்பியிருக்கலாம். ஆனால் எழும்பினால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் இன்று எப்படியும் 40 தாண்டுவது என்று வைராக்கியம்.

ஆச்சி என்னைப் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த மூன்று கதிரைகளையும் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, கதிரையில இருக்கப் பயமே?"

"இல்லை ஆச்சி, எக்ஸசைஸ்."

"ஓ. மலச்சிக்கலோ?"

30. சிரிக்கவும் முடியாது, சிரித்தால் வழுக்கும். தொடை ரெண்டும் தையல் மெசின் மாதிரி ஆடுகிறது. ஆச்சி கிட்ட வந்து என் முழங்காலைக் குனிந்து பார்த்தார், சந்தையில் பூசணிக்காய் பார்ப்பதுபோல். "நடுங்குது பிள்ளை, நல்லெண்ணெய் கொண்டுவரவோ?" 35. வேண்டாம் ஆச்சி. "வலிப்பெண்டால் கையில இரும்பைப் பிடி." வலிப்பு இல்லை ஆச்சி. "அப்ப ஏன் முகம் உப்பிடிப் போகுது?" 38. அவ்வளவுதான். முதுகு சுவரில் வழுகி, இருந்த இடத்திலேயே தொப்பென்று விழுந்தேன். போன மாதம் பெயின்ற் அடித்த சுவரில் என் முதுகளவுக்கு வியர்வை ஈரம்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ஆச்சி "சரி, நீ கிட" என்று சொல்லிவிட்டு முற்றத்தில் குந்தினார். குதிக்கால் ரெண்டும் நிலத்தில் அப்பினபடி. அவித்த கிழங்கு ஒன்றை எடுத்தார், தோலை உரித்தார், ரெண்டாய்ப் பிளந்து நடுத்தும்பை இழுத்து எறிந்தார், நாரை வாரினார், முறித்துச் சுளகில் போட்டார். அடுத்தது. அடுத்தது. இடையில் தன் மருமகளின் குணம், உரும்பிராயில் ஒரு காணி வழக்கு, வெங்காய விலை எல்லாம் வந்து போயின. கடைசிக் கிழங்கை என் கையில் தந்துவிட்டு, எங்கேயும் கை ஊன்றாமல், ஒரு 'அப்பனே முருகா' கூட இல்லாமல் எழும்பினார். வயது 78.

விழுந்த அவசரத்தில் நான் ரைமரை நிறுத்தவில்லை. எடுத்துப் பார்த்தால் 14 நிமிடம் 20 வினாடி.

அந்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. நிலத்தில் கிடந்தபடியே கண்ணில் தண்ணி வரும்வரை சிரித்தேன். "இவளுக்கு என்னவோ பிடிச்சிட்டுது" என்று ஆச்சி உள்ளே பார்த்து அம்மாவிடம் கத்தினார். இன்று விடிந்தால் வாழைப்பழத்தோடு அந்த வீடியோ. அத்தான், பேசாமல் ஆச்சிக்கு விசா எடுங்கோ. நிறையையும் அவவே சொல்லுவா, 41 கிலோ, குழுவில் போட்டாலும் கவலைப்பட மாட்டா.

பெறாமகளின் குரல் பதிவும் பின்னாலேயே வந்தது. "சித்தி, பயப்பிடாதேங்கோ, முதல்ல பீட்சா மாதிரிக் காலை வைக்கோணும், அப்பதான் நிக்கலாம். பிறகுதான் பொமெஸ்." ஸ்கீ ரெண்டின் நுனியையும் கிட்ட வைத்து வால்பக்கத்தை விரித்தால் பீட்சாத் துண்டு, வேகம் குறையும். ரெண்டையும் சமாந்தரமாக வைத்தால் பொமெஸ், அதுதான் உருளைக்கிழங்குப் பொரியல், பறக்கும். ஆறு கிழமையாக அத்தான் அனுப்பிய அறுபது வீடியோவில் விளங்காதது இந்தப் பிள்ளை சொல்லி விளங்கியது. அதற்காக அத்தானை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று. ஆச்சி நேற்று சுளகோடு வந்தவ, கிழங்கு தந்தவ, கதைத்தவ, போனவ. தைப்பொங்கலுக்கு வாங்கிக்கொண்டு போன எங்கள் நீத்துப்பெட்டி எங்கே? புதுசு. ஒரே ஒரு தரம்தான் அதில் பிட்டு அவித்தோம். அதைப் பற்றி 14 நிமிடத்தில் ஒரு சொல் வந்ததா?