‘சேவைக்கு எதுக்குக் கண்ணு லைசென்சு?’

போன மாதம் கோபி பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலையில் பெரியப்பா. சித்தி மகள் நியூ ஜெர்சியில் என்ன செய்கிறாள் என்று கேட்டார். சோசியல் வொர்க் லைசென்ஸ் பரீட்சைக்குப் படிக்கிறாள் பெரியப்பா என்றேன். சோறு பிசைந்த கையை அப்படியே நிறுத்திவிட்டு, “சேவை செய்யறதுக்கு எதுக்குக் கண்ணு லைசென்சு? மனசு இருந்தாப் பத்தாதா?” என்று கேட்டார். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தவர் அவர், அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் ரசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லாததால் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

பத்தாதுங்க பெரியப்பா.

2017-ல் நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தேன், பெயர் வேண்டாம். தாராபுரம் பக்கத்துப் பெண் ஒருத்தி, பதினைந்து வயது, ஒரு நூல்மில் விடுதியில் இருந்து வெளியே வந்திருந்தாள். மூன்று வருடம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்று சொல்லிக் கூட்டிப்போகிற கதை நம் பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல. குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தி, எழுத்து வேலையெல்லாம் முடித்து, அம்மாவிடம் ஒப்படைத்தோம். கட்டைப்பையில் இரண்டு சுடிதார், ஒரு டிஃபன் பாக்ஸ், அவ்வளவுதான் அவள் சாமான். அம்மாவைப் பார்த்ததும் அந்தப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றாள். அப்போது எங்கள் நிறுவனத்து ‘சமூக சேவகர்’ ஒருத்தர் அவள் தோளில் கை போட்டு, “சிரி கண்ணு” என்று சொல்லி ஒரு போட்டோ எடுத்தார். முகம் தெளிவாகத் தெரிய, ஊர்ப் பெயரோடு, ‘மீட்கப்பட்ட சிறுமி’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். ராத்திரி பத்தரைக்கு அந்த அம்மா எனக்குப் போன் செய்தார். “ஏனுங்க மேடம், எம்புள்ள போட்டோவ எதுக்குங்க போட்டாங்க? ஊரு குரூப்புல வந்துருச்சுங்க.” அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. நின்றுபோன படிப்பைத் தொடர ஒன்பதாம் வகுப்பில் மறுபடி சேர்க்க எல்லாம் பேசி வைத்திருந்தோம், அந்தப் பெண் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவே இல்லை.

அந்த மனிதர் கெட்டவர் கிடையாது. அரைச் சம்பளத்தில் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகிறவர், மனசு நிறைய இருந்தது. குழந்தையின் அடையாளத்தை வெளியே சொல்லக்கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவு சொல்கிறது, மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் கிடைக்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. எனக்குத் தெரியும், நான் சமூகப்பணியில் முதுகலை, அதாவது எம்.எஸ்.டபிள்யூ படித்தவள். ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிது, அவர் சீனியர், வாயைத் திறக்காமல் நின்றேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்புறம் என்ன ஆனது தெரியுமா? போலீசுக்குப் போனால் இன்னும் நாலு பேருக்குத் தெரியும் என்று அந்த அம்மா மறுத்துவிட்டார், நியாயம்தான். அலுவலகத்தில் கேட்டால், “ஆர்வத்துல பண்ணிட்டாரு, விடும்மா”. மூன்று மாதத்தில் அவர் வேறொரு நிறுவனத்துக்கு அதே வேலைக்குப் போய்விட்டார், அங்கேயும் குழந்தைகள் கேஸ்தான். வக்கீல் தப்பு செய்தால் பார் கவுன்சிலில் எழுதிக் கொடுக்கலாம், டாக்டர் என்றால் மருத்துவக் கவுன்சில், நர்ஸுக்குக்கூட 1947-லேயே கவுன்சில் சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் சமூகப்பணிப் படிப்பு அதற்கும் மூத்தது, பம்பாயில் இன்றைய டாட்டா இன்ஸ்டிடியூட் தொடங்கியது 1936-ல். இத்தனை வருடத்தில், ஒரு குடும்பத்தின் அடுப்படி வரைக்கும் போய்க் கேள்வி கேட்கிற எங்களுக்கு, தப்பு செய்தால் இந்த ஆள் இனி இந்த வேலையைத் தொடக்கூடாது என்று சொல்ல ஒரு இடம் இல்லை.

ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மனநலப் பக்கம் சைக்யாட்ரிக் சோசியல் வொர்க்கர் யார் என்று 2017 மனநலச் சட்டம் வரையறுக்கிறது, எம்.ஃபில். வேண்டும். மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுப் பக்கம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு உண்டு. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் மெடிக்கல் சோசியல் வொர்க்கரும் இருக்கிறார். எல்லாம் ஆஸ்பத்திரியைச் சுற்றித்தான். திருப்பூர் லைன் வீட்டில் ஒடிசாவில் இருந்து வந்த குடும்பத்தின் குழந்தையைப் பள்ளியில் சேர்க்க அலைகிறவள், போக்சோ கேஸில் குழந்தையோடு கோர்ட்டுக்குத் துணைக்குப் போகிறவள், சத்தியமங்கலம் மலையில் இளவயதுக் கல்யாணத்தை நிறுத்தப் போகிறவள், இவர்களுக்கெல்லாம் ஒரு பதிவு எண் கிடையாது. நேற்று பிரியாணிக் கடை நடத்தியவர் இன்றைக்கு விசிட்டிங் கார்டில் ‘சமூக ஆர்வலர்’ என்று அடித்தாலும், அவரும் ஐந்து வருடம் படித்த பெண்ணும் ஒன்றாகவே நிற்கிறார்கள். எங்கள் சம்பளம் ஏறாததற்கும் தொகுப்பூதியத்தில் வருடா வருடம் கையெழுத்துப் போடுவதற்கும் இதில் பங்கு இருக்கிறது, ஆனால் எனக்கு அது இரண்டாவது பட்சம். எதிரில் உட்கார்ந்து அழுகிறவருக்கு, தன்னிடம் கேள்வி கேட்பவள் யார் என்று சரிபார்க்க ஒரு வழி வேண்டும்.

தங்கச்சி கதைக்கு வருகிறேன். கோவையில் எம்.எஸ்.டபிள்யூ முடித்தவள். நியூ ஜெர்சியில் ஆரம்பநிலை லைசென்ஸ் வாங்கவே முதலில் நம் பட்டம் அவர்கள் பட்டத்துக்குச் சமமா என்று பார்த்தார்கள். அங்கே முதுகலை என்றால் குறைந்தது 900 மணி நேரம் களப்பணி செய்திருக்க வேண்டும், அதற்கு ஆதாரம் தேட வேண்டியதாகிவிட்டது. பெருந்துறையில் சித்தி அட்டாலியில் ஏறி ஃபீல்டு வொர்க் ரெக்கார்டுகளை இறக்கினார். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது, உள்ளே வாரத்துக்கு இரண்டு நாள் கணக்கில் சூப்பர்வைசர் கையெழுத்து மட்டும் நன்றாகத் தெரிந்தது. நான் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக போனில் ஸ்கேன் செய்து அனுப்பினேன். வெறும் மார்க்குக்காக எழுதுகிறோம் என்று அன்றைக்கு அவள் அலுத்துக்கொண்ட நோட்டுகள்.

அடுத்தது பரீட்சை. நாலு மணி நேரம். முக்கால்வாசிக் கேள்விகளில் சம்பவத்தைச் சொல்லிவிட்டு ‘முதலில் என்ன செய்வாய்’, ‘அடுத்து என்ன செய்வாய்’ என்றுதான் கேட்கிறார்களாம். அவள் அனுப்பிய மாதிரிக் கேள்வி ஒன்றை எங்களிடம் பயிற்சிக்கு வந்த மாணவிகளிடம் படித்துக் காட்டினேன். பள்ளியில் ஒரு குழந்தை கையில் காயத்தோடு வந்திருக்கிறது, முதலில் என்ன செய்வாய்? ஒருத்தி அம்மாவைக் கூப்பிடுவேன் என்றாள், ஒருத்தி குழந்தைகள் உதவி எண் 1098 என்றாள், இன்னொருத்தி குழந்தையிடம் தனியாகப் பேசுவேன் என்றாள். அவிநாசி ரோட்டு டீக்கடையில் முக்கால் மணி நேரம் விடாமல் வாதம். வேலைக்கு வந்த முதல் வாரத்தில் இப்படி ஒரு வாதம் என்னோடு யாராவது செய்திருந்தால் 2017-ல் நான் அந்தப் போனைப் பிடித்து நிறுத்தியிருப்பேன்.

அதற்காக அவர்கள் பரீட்சையை அப்படியே இங்கே இறக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அதை நடத்தும் அமைப்பே 2022-ல் தேர்ச்சிக் கணக்கை வெளியிட்டது. மனநல ஆலோசனை, சிகிச்சை தருகிறவர்களுக்கான மேல்நிலைத் தேர்வான கிளினிக்கல் தேர்வில் 2021-ல் முதல் முறையே தேறியவர்கள் வெள்ளையர்களில் 84 சதவீதம், கறுப்பினத்தவரில் 45. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களும் பின்தங்கித்தான் இருந்தார்கள். இலினாய்ஸ் மாநிலம் 2022-ல் இருந்து ஆரம்பநிலை லைசென்ஸுக்குப் பரீட்சையே வேண்டாம் என்று எடுத்துவிட்டது. இங்கே மட்டும் என்ன நடக்கும்? ஆங்கிலத்தில் கொள்குறி வினா, சென்னையிலும் டெல்லியிலும் கோச்சிங் சென்டர், காங்கேயத்துக் குக்கிராமத்தில் இருந்து முதல் தலைமுறையாக சமூகப்பணி இளங்கலை, பி.எஸ்.டபிள்யூ படித்து வருகிற பெண் வெளியே நிற்பாள். குடித்துவிட்டு வந்த அப்பனிடம் எப்படிப் பேசினால் அடங்குவான் என்று அவளுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியாது.

ஆக நான் கேட்பது இதுதான். பி.எஸ்.டபிள்யூ, எம்.எஸ்.டபிள்யூ இரண்டு பேருக்கும் மாநில அளவில் ஆரம்பநிலைப் பதிவு. அனுபவம் உள்ள ஒருவரின் கீழ் இத்தனை மணி நேரம் வேலை செய்தேன் என்று கையெழுத்தோடு கணக்கு, கையெழுத்துப் போட்டவருக்கும் பொறுப்பு. சட்டமும் தொழில் நெறியும் பற்றி ஒரு தேர்வு, தமிழில், பாதி வாய்மொழியாக. படிப்பு இல்லாமல் இருபது வருடமாகக் களத்தில் நிற்கிற அக்காக்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களைத் துரத்தாமல் குறுகிய பயிற்சி கொடுத்துப் பதிவுக்குள் கொண்டுவர வழி. முக்கியமாக, அந்த தாராபுரத்து அம்மா மாதிரி ஒருவர் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் எடுத்து விசாரிக்க ஒரு குழு. பெரியப்பா இன்னும் தாராளமாகக் கிணறு வெட்டலாம், அதற்கு யாரும் லைசென்ஸ் கேட்கப்போவதில்லை. ஒரு குழந்தையின் கேஸ் ஃபைலைத் திறக்கிறவரிடம்தான் கேட்கிறேன்.

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் சமூகப்பணி படிக்கிற தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஃபீல்டு வொர்க் ரெக்கார்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தேதி, மணி நேரம், கையெழுத்து மூன்றும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இந்தக் கோரிக்கையை ஒரு மனுவாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூரில் உட்காரலாம், வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். டீ என் செலவு.