உண்ணிச்செடியைப் பிடுங்கிய பிறகு

மசினகுடியிலிருந்து தெப்பக்காட்டுக்குப் போகும் சாலையில், மழை ஓய்ந்த நாட்களில் இருபுறமும் பார்த்தால் காடு செழித்திருப்பதாகவே தோன்றும். அந்தப் பசுமையில் எவ்வளவு உண்ணிச்செடி (லந்தானா) என்று தெரிந்துவிட்டால் அதே காட்சி உறுத்தத் தொடங்கும். சிறு வயதில் அதன் கறுத்த பழத்தைப் பறித்துத் தின்று, பூவை உறிஞ்சித் தேன் குடித்தவன் நான். எனவே செடியின் மீது எனக்குப் பகை ஏதும் இல்லை. என் வருத்தமெல்லாம் நாம் அதை அகற்றும் விதத்தைப் பற்றியது.

அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த இச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாக இந்தியாவுக்கு வந்தது. தோட்டக்காரர்கள் வேலிக்கு நட்டதைக் கொண்டைக்குருவிகள் காட்டுக்குள் கொண்டுபோயின. புலிகள் வாழும் இந்தியக் காடுகளில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட பரப்பில், அதாவது ஏறத்தாழ 1,54,000 சதுர கிலோமீட்டரில் இது பரவியிருப்பதாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆளுயரத்துக்குப் புதராக மண்டி, தரைக்கு வெயில் விடாமல் மறைப்பதால் புல் முளைப்பதில்லை. புல் இல்லாத இடத்தில் மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் இல்லை. இலையை ஆடுமாடுகள் பொதுவாகத் தொடுவதில்லை. பசி தாங்காமல் மேய்ந்தவற்றுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் புண்ணாகும். கோடையில் காய்ந்த புதரில் தீப்பிடித்தால், தரையோடு போகவேண்டிய நெருப்பு ஏணி வைத்தாற்போல் மரக்கிளைக்கு ஏறிவிடுகிறது.

சத்தியமங்கலத்தை ஒட்டி, கர்நாடகப் பக்கம் இருக்கும் பிலிகிரிரங்கன் மலையின் சோளகர் பழங்குடியினர், தரைச்சருகுக்குச் சிறு தீயிடும் தங்கள் வழக்கம் தடுக்கப்பட்ட பிறகே உண்ணி பெருகியது என்கிறார்கள். அது ஒன்றே காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் காட்டைத் தினமும் நடந்து பார்த்தவர்களின் கணிப்பை நெடுங்காலம் காதில் வாங்காமல் இருந்தது நம் தவறுதான்.

மேலோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும் செடி இது. பொக்லைன் கொண்டு புரட்டினாலோ, கிளறப்பட்ட மண் புதைந்து கிடந்த விதைகளுக்கு வாய்ப்பாகிவிடுகிறது. வேர்க்கழுத்தை மண்ணுக்குச் சற்றுக் கீழே வெட்டிச் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிடும் முறையைத் தாவரவியலாளர் சி.ஆர். பாபு பரிந்துரைத்தார், செலவும் குறைவு, மண்ணும் கலங்காது. ஆனால் அதைச் செய்யக் கைகள் வேண்டும். முளைக்கும் நாற்றுகளைப் பிடுங்க அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே கைகள் திரும்பி வரவேண்டும்.

அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் 'இத்தனை ஹெக்டேர் அகற்றப்பட்டது' என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம், அங்கே இப்போது என்ன முளைத்திருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. உள்ளூர்ப் புல்விதை தூவாமல் வெறுமனே விடப்பட்ட நிலத்தை மீண்டும் உண்ணியோ பார்த்தீனியமோ பிடித்துக்கொள்ளும். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினர் உண்ணித்தண்டில் நிஜ அளவில் செய்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன, பெருமையான வேலைதான். ஆனால் காட்டில் மண்டிக் கிடக்கும் அளவுக்கு யானைகள் செய்து தீராது. செடியை அகற்றும் ஒப்பந்தக்காரருக்குரிய தொகையில் ஒரு பகுதியையாவது நிறுத்திவைத்து, மூன்றாம் மழைக்குப் பிறகு அங்கே புல் நிற்கிறதா என்று பார்த்துக் கொடுக்கலாம். அந்தப் பராமரிப்பு வேலையை அங்கேயே வாழும் இருளர், குறும்பர் குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதற்குமான கூலியோடு ஒப்படைக்கலாம்.