வருகைப்பதிவு ஏறிவிட்டது, யார் படித்தோம்?

பென்னாகரம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். காலையில் முதல் வேலை, எமிஸ் என்ற அரசின் பள்ளித் தகவல் தளத்தில் செல்போன் வழியாக வருகைப்பதிவு. வகுப்பறைக்குள் சிக்னல் கிடைக்காது, கொடிக்கம்பத்துக்கிட்ட போய் நின்றால்தான் ஏறும். "எல்லாம் ஏத்தியாச்சா?" என்று தலைமையாசிரியர் கேட்பார். "ஏத்தியாச்சு சார்" என்போம். அதோடு சரி.

போன மாசி மாதம் என் வகுப்பில் ஒரு பெண் திங்கள் வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. பத்தாம் வகுப்பு. எங்கள் பக்கம் அது புளி உலுக்கும் காலம். ஓடு தட்டி, கொட்டை எடுக்க வீட்டில் ஆள் வேண்டும் என்று பிள்ளைகள் நாலு நாள் நின்றுவிடுவது வழக்கம். நானும் அப்படியே நினைத்து, தினமும் அவள் பேருக்கு நேரே 'வரவில்லை' என்று தட்டிக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் பக்கத்து வீட்டுப் பையன் வந்து, "அந்த அக்காவுக்கு நிச்சயம் பண்ணிட்டாங்க சார்" என்றான். பதினைந்து வயது.

உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொன்னோம். தலைமையாசிரியரும் நானும் வீட்டுக்குப் போனோம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்துக் கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும் என்பதில் ஆரம்பித்து, சட்டம் வரைக்கும் அவள் அப்பாவிடம் பொறுமையாகப் பேசினோம். கல்யாணம் நின்றது, பரீட்சையும் எழுதினாள். ஆனால் அந்த ஐந்து நாளும் தகவல் என் கையிலேயே இருந்திருக்கிறது. மேலே அனுப்பினேனே தவிர, நான் படிக்கவில்லை. இன்னும் மனசு கேட்கவில்லை.

பழைய ரிஜிஸ்டரில் ஒரு பேருக்கு நேரே வரிசையாகச் சிவப்பு மை விழுந்தால் கண் தானாக அங்கே நிற்கும். அதற்காகத் திரும்ப ரிஜிஸ்டருக்கே போகச் சொல்லவில்லை. எமிஸால் ஆகிற காரியம் அதனால் ஆகாது. ஒரு பிள்ளை ஓசூருக்கோ திருப்பூருக்கோ போனால் பழைய பள்ளி அந்தப் பேரை 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலில் விடும், புதுப் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். யாரும் எடுக்காமல் ஒரு பேர் அங்கேயே கிடந்தால், அந்தப் பிள்ளை எங்கே என்று நாம்தான் தேட வேண்டும். அந்தப் பட்டியலை எத்தனை பள்ளியில் திறந்து பார்க்கிறோம்?

இப்போது எங்கள் தலைமையாசிரியர் தினமும் மதியம் பத்து நிமிடம் ஒதுக்குகிறார். மூன்று நாளாக வராதவர்கள் பேரை ஒரு தாளில் எழுதி, வகுப்பாசிரியரைக் கூப்பிட்டு ஒவ்வொரு பேராகக் கேட்கிறார்: ஏன் வரலை, யார் போய்ப் பார்த்தது? என்னைப் பொறுத்தவரை கணினி வந்த பிறகு தலைமையாசிரியருக்கு இதுதான் முதல் வேலை. ஆப்பில் ஏற்றிய அதே புள்ளிவிவரத்தை எக்செல்லிலும் வாட்ஸ்அப்பிலும் மறுபடி கேட்பதை நிறுத்தினால், எல்லாப் பள்ளியிலும் இந்தப் பத்து நிமிடம் கிடைக்கும்.

இன்றைக்குத் தாளில் இரண்டு பேர். ஒருவனுக்கு அம்மை போட்டிருக்கிறது. இன்னொருத்திக்கு என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. வீடு மலைமேல் இருக்கிறது, காலையில் நானும் தமிழாசிரியையும் கிளம்புகிறோம்.