குர்சுராவை உள்ளே போய்ப் பாருங்கள்
விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் நீர்மூழ்கிக் கப்பல் ஐஎன்எஸ் குர்சுராவை, செல்ஃபி எடுக்கும் இடம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, வெளியே நின்றால் அப்படித்தான் தோன்றும். உள்ளே போனால் கதையே வேறு. 91 மீட்டர் நீளம் இருந்தும், எதிரே ஒருவர் வந்தால் உடம்பை ஒடுக்கித்தான் வழிவிட வேண்டும். அறைக்கு அறை வட்டத் துளைதான் வாசல்; நான் தலையில் இடித்துக்கொண்டேன். நீருக்கடியில் பாயும் குண்டான டார்பிடோவை ஏவும் குழாய்கள் முன்னே ஆறு, பின்னே நான்கு. அதன் பக்கத்திலேயே படுக்கை! சோவியத்தில் கட்டப்பட்டு, 1969-ல் இந்தியக் கடற்படையில் சேர்ந்து, 1971 போரையும் பார்த்து, 2001 வரை உழைத்த கப்பல். எழுபது பேருக்கு மேல் இதற்குள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அங்கே வழிகாட்டும் ஓய்வுபெற்ற கடற்படைக்காரர்களிடம் கேளுங்கள், நன்றாகச் சொல்கிறார்கள். அப்புறம், திங்கட்கிழமை போய் ஏமாறாதீர்கள், விடுமுறை.